களிமண் ஆந்தையும் கனமான மனிதர்களும்

மண்ணில் கோழி செய்து, சுட்டு, விற்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஓர் இலக்கியச் சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. அவர்கள் வெளியாட்கள் இல்லை. இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள், இதில் எழுதுபவர்கள். பலர் என் நண்பர்கள். ஒரு கவிதையின் இரண்டாவது வரி ஏன் பொய் என்று இரவு முழுவதும் உட்கார்ந்து வாதாடக் கூடியவர்கள். ஆனால் ஒரு மண் ஆந்தையை அவர்கள் முன்னால் கொண்டுவந்து வைத்ததும் அந்தக் கறார் எங்கோ போய்விடுகிறது. ஒரு புன்னகை வருகிறது. குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகும் பெரிய மனிதரின் புன்னகை. இந்தப் புன்னகையைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், பதினைந்து வருஷங்களுக்கு மேலாக மண்ணோடு இருக்கிறார். ஆந்தை, ஆமை, கோழி, மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு நிற்கும் வெள்ளாடு, மூடியின் மேல் பல்லி உட்கார்ந்திருக்கும் சர்க்கரை ஜாடி, இவையெல்லாம் அவர் செய்பவை. தட்டுகளில் காக்கையும் எருமையும் தெருநாயும் வரைந்து சுடுவார். யாராவது செத்துப்போன தங்கள் நாயின் புகைப்படத்தைக் கொண்டுவந்து கொடுத்து, இதைப்போலச் செய்து தாருங்கள் என்றால் செய்து தருவார். அவருடைய வேலைகளை ஒரு கூட்டுக் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தபோது, நடத்துகிறவர்கள் மறுத்தார்கள். இது கலைஞர்களுக்கானது, கைவினைப் பொருட்களுக்கு வேறு மேடை இருக்கிறதே என்றார்கள். மறுத்தது அவர்கள் உரிமை. எனக்கு முக்கியமானது, ஏன் என்று நான் கேட்டபோது சொன்ன காரணங்கள். ஒன்று, இதெல்லாம் விளையாட்டு, கனமில்லை. இரண்டு, கேட்டவர்களுக்கு ஆர்டருக்குச் செய்து கொடுப்பது. மூன்று, எல்லாம் வெறும் மிருகங்கள், மனித அனுபவம் எங்கே?

இந்த மூன்றும் அவர்களுடைய சொந்தச் சரக்கு இல்லை. நம் எல்லோர் மண்டையிலும் இருப்பவை. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

1

முதலில் சிரிப்பு. நம் ஸீரியஸான வட்டங்களில் சிரிப்புக்கு உள்ள மரியாதை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதினால் தத்துவம். சிரித்துக்கொண்டு எழுதினால் துணுக்கு. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் போகலாம். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் ஒரு பெரும் பாறைமுகம் முழுவதையும் செதுக்கியிருக்கிறார்கள். அர்ஜுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேவர்கள், நாகர்கள், முனிவர்கள், யானைகள் எல்லாம் திரண்டு நிற்கும் அந்த மகா கம்பீரத்தின் அடிப்பகுதியில், யானைக்குப் பக்கத்தில், ஒரு பூனை இரண்டு காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மேலே தவசி நிற்கும் அதே நிலை. விலா எலும்பு தெரிய மேலே ஒருவன் உண்மையாகத் தவம் செய்ய, கீழே ஒரு திருட்டுப் பூனை அதையே நடித்துக் காட்டுகிறது.

இந்தப் பூனையை என்ன செய்வது? சிற்பி களைத்துப்போய் விளையாடிய இடம் என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கினால் பாறையின் பாதி அர்த்தம் போய்விடும். தவத்தைச் செதுக்கிய அதே கைக்குத் தவத்தைப் பற்றிய சந்தேகமும் இருந்திருக்கிறது. அந்தச் சந்தேகத்தைச் சொல்ல அந்தக் கைக்கு ஒரு பூனை போதுமானதாக இருந்தது. பக்தியும் பரிகாசமும் ஒரே பாறையில் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்கின்றன. இது கனமில்லை என்றால் கனம் என்பது என்ன என்று எனக்குப் புரியவில்லை.

சீமை உதாரணம் சொன்னால்தான் நம்மவர்களுக்கு நம்பிக்கை வரும் என்பதால் அதையும் சொல்கிறேன். லண்டனுக்கு மேற்கே ஸவுத்தாலில், கால்வாய்க் கரையில், கைவிடப்பட்ட ஒரு சோப்பு ஆலையில் மார்ட்டின் சகோதரர்கள் நால்வர் 1877 முதல் வேலை செய்தார்கள். தொழிலைத் தொடங்கியது 1873இல், ஃபுல்ஹாமில். மூத்தவர் ராபர்ட் வாலஸ் கல்லில் சிற்பம் பயின்றவர். அவர் செய்தவை பறவைகள். ஆந்தை மாதிரி, கழுகு மாதிரி, காக்கை மாதிரி, உண்மையில் எந்தப் பறவையும் இல்லாத பறவைகள். தலையைக் கழற்றினால் உள்ளே புகையிலை வைத்துக்கொள்ளலாம். புகையிலை ஜாடி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பறவைகளின் முகத்தில் வக்கீல்களும் நீதிபதிகளும் பாதிரிகளும் இருக்கிறார்கள். அரைக்கண் மூடி, அலகை மார்பில் புதைத்து, உன்னை எனக்குத் தெரியும் என்ற பார்வையோடு நிற்கின்றன. தலை தனியாக இருப்பதால் திருப்பி வைக்கலாம். திருப்பி வைத்தால் பார்வை மாறுகிறது. நேற்று அலட்சியமாகப் பார்த்த பறவை இன்று ஓரக்கண்ணால் சந்தேகிக்கிறது. விக்டோரிய சமுதாயத்தின் மரியாதைக்குரிய கபடத்தைப் பற்றி ஒரு நாவல் சொல்வதைப் புகையிலை ஜாடி ஒன்று சொல்லிவிடுகிறது.

இதைச் செய்வது எவ்வளவு சிரமம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் உப்புச் சூளைக்காரர்கள். சூளை 1200 டிகிரியைத் தாண்டிய பிறகு உள்ளே சமையல் உப்பை வீசுவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணில் இருக்கும் சிலிக்காவோடு சேர்ந்து மேலே கண்ணாடித் தோலாகப் படியும். நம் ஊர்ச் சாக்கடைக் குழாய்களில் பழுப்பாக மினுங்குகிறதே, அதே விஷயம்தான். எங்கே எவ்வளவு படியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பல மாத வேலை ஒரே சூளையில் பாழாகலாம், அவர்களுக்குப் பலமுறை பாழாகியது. நகரத்துக் கடையைக் கவனித்துக்கொண்ட தம்பி சார்லஸுக்கு நல்ல ஜாடிகளை விற்கவே மனம் வராது, தரைப் பலகைக்கு அடியில் ஒளித்து வைப்பார் என்று சொல்வார்கள். 1903இல் கடை தீப்பற்றியது. சார்லஸ் 1910இல் மனநோய் விடுதியில் இறந்தார். 1914க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விளையாட்டு என்று நாம் பெயர் வைத்திருக்கும் காரியத்தில் நான்கு பேர் வாழ்க்கை போயிருக்கிறது.

2

இரண்டாவது குற்றச்சாட்டு ஆர்டர். கலைஞன் சுதந்திரமானவன், அவன் யாருக்காகவும் செய்வதில்லை, அவனுக்குள்ளிருந்து அது பீறிட்டுக் கிளம்புகிறது. இந்த நம்பிக்கையை நாம் ஐரோப்பாவிலிருந்து வாங்கி நூறு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அது நம் முப்பாட்டன் சொத்து போலாகிவிட்டது. நம் முப்பாட்டன் சொத்து என்னவென்று பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

புறநானூற்றின் 256ஆம் பாட்டு ஒரு குயவனிடம் சொல்லப்படுவது. கணவனை இழந்த பெண் ஈமத்தாழி செய்கிறவனைப் பார்த்துப் பேசுகிறாள். அவனோடு காடுகளைக் கடந்து வந்தவள் தான் என்றும், தன்னையும் சேர்த்து வைக்கும்படி தாழியை அகலமாகச் செய்து தர வேண்டும் என்றும் கேட்கிறாள். அந்தப் பாட்டு முழுவதும் ஓர் ஆர்டர். அளவு சொல்லி, காரணம் சொல்லி, மண்பாண்டம் செய்பவனிடம் கொடுக்கப்படும் ஆர்டர். அவள் தனக்குத் தேடிக்கொள்ளும் உவமை எது? வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு அது போகும் இடமெல்லாம் போகும் ஒரு சின்னப் பல்லி. ஆர்டர் வேலை கலைக்கு ஆகாது, அற்பப் பிராணிக்கு மனித அனுபவத்தில் இடமில்லை என்கிறவர்கள் இந்தப் பாட்டை எப்படி வாசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

காளமேகத்தை எடுத்துக்கொள்வோம். ஈற்றடியைக் கொடுத்துப் பாடு என்றால் பாடுவார். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை வேண்டும் என்றால் அதையும் செய்து தருவார். ஆர்டர், விளையாட்டு, பிராணி மூன்றும் ஒரே வெண்பாவில். அவரைத் தமிழ்க் கவிதையிலிருந்து நீக்க இந்த நண்பர்கள் தயாரா?

மண்ணுக்கே திரும்பி வருகிறேன். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் அய்யனாருக்குப் புரவி எடுக்கும் ஊர்களில், வேலை எப்படித் தொடங்குகிறது? ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொடுக்கிறார்கள். பிடிமண் கொடுப்பது என்று அதற்குப் பெயர். அந்தப் பிடியைத் தன் களிமண்ணோடு சேர்த்துத்தான் அவர் பிசைகிறார். குதிரை மட்டும் அல்ல. மாடு சுகமாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டவருக்கு மாடு, பிள்ளை கேட்டவருக்குப் பிள்ளை உருவம், கால் வலி தீர்ந்தவருக்குக் கால். எல்லாம் ஆர்டர்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் பயமும் கடனும் இருக்கின்றன. செய்கிறவரே பல ஊர்களில் அந்தக் கோயிலுக்குப் பூசாரியும்கூட.

அந்தக் குதிரை எப்படி நிற்கிறது என்பதை நம் விமர்சகர்கள் ஒருமுறை போய்ப் பார்த்தால் நல்லது. ஈர மண்ணில் நாலு கால் மிருகம் என்பது உருவப் பிரச்சினை மட்டும் இல்லை, கட்டடப் பிரச்சினை. மண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும். உடம்பு ஒரு பக்கம் இழுக்கும், கால்கள் ஒரு பக்கம் இழுக்கும், கால் முறியும். அதனால்தான் உலகம் முழுவதும் மண்ணில் ஆமையும் ஆந்தையும் கோழியும் உட்கார்ந்த பூனையும் அதிகம். ஆளுயரத்துக்கு மேல் குதிரை எழுப்பும் வேளார், மண்ணோடு மணலையும் உமியையும் சேர்த்து, கால்களைக் குழாய்களாக முதலில் நிறுத்தி, அவை தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகு உடம்பைக் கூடாக மேலே கட்டிக்கொண்டு போகிறார். கழுத்து மணியும் சேணமும் அலங்காரம் மட்டும் இல்லை, ஒட்டு இருக்கும் இடத்தை மறைத்து வலுவும் தருகின்றன. சூளைக்குள் போக முடியாத உருவத்தைச் சுற்றி வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கி, மேலே மண் பூசி, அந்த இடத்தையே சூளையாக்குகிறார். பிறகு ஊர் அதைத் தோளில் சுமந்து கோயிலுக்குப் போகிறது. அங்கே வெயிலிலும் மழையிலும் நின்று கரைந்து, உடைந்து, மண்ணோடு மண்ணாகிறது. யாரும் ரிப்பேர் செய்வதில்லை. அடுத்த வேண்டுதலுக்கு அடுத்த குதிரை.

ஆர்டர் கொடுப்பவர் கலையைக் கெடுப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நிறையவே கெடுக்கிறார்கள். ஆனால் ஆர்டர் என்பதாலேயே கெட்டது என்பது சோம்பேறி வாதம். யாரும் கேட்காமலே எழுதப்பட்ட மோசமான கவிதைகளை வாரம் ஒரு கட்டு தபாலில் பெறும் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

3

மூன்றாவது, மிருகம். மனித அனுபவம் எங்கே என்ற கேள்வி.

ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்று 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். தோல் பதனிடுகிறவரின் மகன். ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்தில் 18 மாதங்கள் குதிரைப் பிணங்களைத் தொங்கவிட்டு, தோலை உரித்து, தசையை ஒவ்வொரு அடுக்காக நீக்கி வரைந்தார். 1766இல் குதிரையின் உடற்கூறு பற்றிய நூலாக அது வெளிவந்தது. பிரபுக்கள் தங்கள் பந்தயக் குதிரைகளை வரையச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள், வரைந்தார். ஆர்டர் ஓவியர், மிருக ஓவியர். அதோடு, ஜோசையா வெட்ஜ்வுட்டின் தொழிற்சாலையில் தனக்கென்று பெரிய பீங்கான் பலகைகள் சுடச் சொல்லி, அவற்றின் மேல் எனாமலில் வரைந்தவர். என் சிநேகிதி தட்டில் எருமை வரைவதற்கு இவரைவிட நல்ல முன்னோர் கிடைக்கமாட்டார். வாழ்நாள் முழுவதும் அவருக்குக் குதிரைக்காரர் என்ற பெயர்தான். சரித்திரமும் புராணமும் வரைபவனே ஓவியன் என்று அகாதெமிக்காரர்கள் முடிவு செய்து வைத்திருந்த காலம் அது.

ராக்கிங்ஹாம் பிரபுவின் குதிரை விஸில்ஜாக்கெட்டை 1762 வாக்கில் ஸ்டப்ஸ் வரைந்தார். கிட்டத்தட்ட நிஜ அளவில் ஒரு குதிரை பின்னங்காலில் எழும்பி நிற்கிறது. பின்னணியில் மரம் இல்லை, ஆகாயம் இல்லை, ஏறி உட்கார ராஜாவும் இல்லை. குதிரையின் கண் நம்மைப் பார்க்கிறது. குதிரை மேல் ராஜாவை உட்காரவைத்து ராஜாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஐரோப்பிய மரபில், ராஜாவை எடுத்துவிட்டு மிருகத்தை மட்டும் நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசிக்கவேண்டும். 1997இல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் அதை 1 கோடியே 10 லட்சம் பவுனுக்கு வாங்கியது. அகாதெமியில் சரித்திரம் வரைந்த எத்தனையோ பேர் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

மிருகத்தை நேராகப் பார்ப்பது, அது நம்மைப்போல இல்லை என்று ஒப்புக்கொண்டு பார்ப்பது, மனித அனுபவத்தில் கடினமான பகுதிகளில் ஒன்று. தன்னைத் தவிர வேறொன்றைப் பார்க்க மறந்துவிட்ட நம் கவிதைக்கு இந்தப் பயிற்சி இன்று அவசியம் தேவை.

4

மூன்று காரணங்களும் நிற்கவில்லை என்றால், உண்மையான காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அது கை. கையால் வேலை செய்கிறவர்களைப் பற்றி நம் சமூகத்துக்கு உள்ள எண்ணம் இதில் இருக்கிறது. அதற்கு ஜாதியும் உண்டு, பால் பேதமும் உண்டு. மண் பிசைவது வேளார் வேலை, பொம்மை செய்வது பெண்கள் பொழுதுபோக்கு. இரண்டும் சேர்ந்தால் கலை என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

நம் ஸ்தாபனங்களின் பெயரைப் பார்த்தாலே தெரியும். டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் ஆரம்பித்த பள்ளியின் பெயரில் ஒரு காலத்தில் தொழில் இருந்தது, பிறகு கலையும் கைத்தொழிலும் சேர்ந்து இருந்தன. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. கைத்தொழில் பெயர்ப்பலகையிலிருந்து இறங்கிவிட்டது. உள்ளே சுடுமண் பயிற்சி இருக்கத்தான் செய்கிறது. கல்யாண வீட்டில் சமையல்காரர் இருப்பதுபோல.

சோழமண்டலத்தை எல்லோரும் பெருமையோடு சொல்கிறோம். நானும் சொல்கிறேன். கே. ஸி. எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அதை அமைத்தது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அந்த நிலம் எந்தப் பணத்தில் வாங்கப்பட்டது? பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தில். அரசாங்கத்தை நம்பாமல், பணக்காரனிடம் கை நீட்டாமல், கைவேலையால் தம் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இந்திய நவீன ஓவிய வரலாற்றில் இதற்கு இணை குறைவு. அந்த ஓவியங்களைப் பற்றி எழுதியிருக்கிறோம், விவாதித்திருக்கிறோம். அந்தத் துணிகளைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்? சோறு போட்டது கண்ணுக்குத் தெரியவில்லை, சாப்பிட்டது மட்டும் தெரிகிறது.

பிகாஸோ விஷயத்தில் மட்டும் நம் கண் நன்றாகத் தெரியும். 1947 முதல் வல்லோரிஸில், ராமியே தம்பதியின் மதூரா பட்டறையில் அவர் மண்ணில் ஆந்தை செய்தார், புறா செய்தார், ஆடு வரைந்தார். பட்டறை பிரதிகள் எடுத்து விற்ற வடிவங்கள் மட்டும் 633. சக்கரத்தில் ஈரம் காயாத குப்பியின் கழுத்தைத் திருகி மடக்கினால் புறா வந்துவிடும். அபாரம்தான், சந்தேகமில்லை. அந்தக் குப்பிகளைச் சக்கரத்தில் எழுப்பிக் கொடுத்தவர் ழூல் அகார் என்ற குயவர். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? பிகாஸோ செய்தால் ஆந்தை பரிசோதனை, ஒரு பெண் செய்தால் அதே ஆந்தை ஷோகேஸ் பொம்மை.

5

இவர்களைவிட எனக்குப் பயம் தருபவர்கள் கைவினையின் ஆதரவாளர்கள். யனாகி ஸோயெட்ஸு ஜப்பானில் மக்கள் கைவினை இயக்கத்தைத் தொடங்கினார். 1936இல் டோக்கியோவில் அதற்கு ஓர் அருங்காட்சியகமும் நிறுவினார். தன் பெயரைப் பற்றிய நினைப்பு இல்லாமல் ஆயிரம் முறை ஒரே கிண்ணத்தைச் செய்யும் கையில்தான் அழகு வந்து உட்காருகிறது என்றார். பெரிய மனிதர், பெரிய சிந்தனை. ஆனால் அவருடைய நண்பர்கள் யார்? ஹமாடா, கவாய், பெர்னார்ட் லீச். எல்லோரும் பெயர் பெற்றவர்கள். ஹமாடா 1955இல் வாழும் தேசியச் செல்வம் என்று அரசாங்கத்தாலேயே கௌரவிக்கப்பட்டார். பெயரின்மை என்ற புண்ணியம் எப்போதும் அடுத்தவருக்கு.

நம் ஊரில் அந்தச் சிந்தனை சீட்டாகச் சுருங்கி அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சுடுமண் குதிரை, கிராமியக் கலை, தமிழ்நாடு. செய்தவருக்குப் பெயர் இல்லையா? ஊரில் கேட்டால் இன்னாருடைய குதிரை, இவர் அப்பாவின் கை இன்னும் நீளம் என்று சொல்வார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. பாங்குராவின் பாஞ்ச்முரா குதிரையைக் கைவினைப் பொருள் விற்பனையின் முத்திரையாக்கிவிட்டார்கள். காது நிமிர்ந்த அந்தக் குதிரை மேஜைக்கு ஏற்ற அளவில் நாடு முழுதும் வரவேற்பறைகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வேண்டுதல் கழன்றுபோய் நினைவுப் பொருள் மிஞ்சியிருக்கிறது. இது புறக்கணிப்பைவிட மோசமான ஆதரவு. புறக்கணிக்கப்பட்டது காட்டில் கோபத்தோடாவது நின்றுகொண்டிருக்கும்.

6

இப்போது என் சிநேகிதியிடம் வருகிறேன். அவருக்காகக் கொடி பிடிக்கிறேன் என்று நினைத்தவர்கள் ஏமாறுவார்கள். அவருடைய நாய்களில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. புகைப்படத்தைப் பார்த்துச் செய்தவை. வாங்க வந்தவருக்கு நாய் வேண்டாம், அது தன்னிடம் வைத்திருந்த அன்பு மட்டும் வேண்டும். ஆகவே கண் பெரிதாகிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறது, வாயோரத்தில் மனிதச் சிரிப்பு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. இதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது, கொஞ்சல். மார்ட்டின் பறவைக்கு நம் அன்பு வேண்டியதில்லை. மாமல்லபுரத்துப் பூனை நம்மைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கொஞ்சும் நாய் நம் சம்மதத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. விளையாட்டுக்கும் கொஞ்சலுக்கும் நடுவில் உள்ள இந்த வித்தியாசம்தான் இந்த வகைக் கலையில் விமர்சனம் தொடங்கவேண்டிய இடம்.

அதே கையிலிருந்து வந்ததுதான் அந்த வெள்ளாடு. ஒரு சாண் உயரம். முன்னங்கால் இரண்டும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கின்றன. கால் முறியாமல் இருப்பதற்காகச் செய்த தந்திரம் அது. ஆனால் அதனாலேயே ஆட்டுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இழுத்தாலும் வரமாட்டேன் என்ற நிலை. வயிற்றின் ஒரு பக்கம் தாறுமாறாகச் சாம்பல் படிந்து கறுத்திருக்கிறது, அதை அவர் மறைக்கவில்லை. கண் வெறும் துளை. துளைக்குள் இருட்டு. எதையோ கடித்துவிட்டு, அகப்பட்டுக்கொண்டு, அதற்காக வருத்தப்படாத முகம். பலிக்குக் கொண்டுபோகும் ஆட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இது அந்த ஆடுதான், ஆனால் தலையாட்டிச் சம்மதம் தர மறுத்த ஆடு. பார்த்தவுடன் சிரிப்பு வருகிறது, பிறகு சிரிப்பு நிற்கிறது.

இந்த ஆட்டை இனிமேல் செய்யப்போவதில்லை என்று அவர் சென்ற மாதம் சொன்னார். மூன்று செய்தாராம், ஒன்றுதான் விற்றது. நாய்களுக்கு ஆறு மாத ஆர்டர் கையில் இருக்கிறது. ஆடு நன்றாக இருக்கிறதா, நாய் நன்றாக இருக்கிறதா என்று இதுவரை யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார். எல்லாமே அழகு என்று சொல்வார்களாம், அல்லது புன்னகைப்பார்களாம். நான் சொன்னேன். ஆனால் அது ஒருவன் தனியாகச் சொன்னது, அதற்கு எவ்வளவு எடை இருக்கும்? வேளாரின் குதிரைக்கு ஒரு ஊர் இருக்கிறது. காது கோணினால், கழுத்து குட்டையானால் சொல்லிக்காட்ட அந்த ஊருக்கு வாயும் உரிமையும் இருக்கின்றன, ஏனென்றால் குதிரை அவர்களுடையது. இவருக்கு இருப்பது விலை ஒன்றுதான். எது விற்கிறதோ அது நல்லது. அப்படித்தான் ஒரு நல்ல ஆடு சாகிறது. அதைக் கொன்றவர்களில் வாங்கியவர்களைவிட, புன்னகை செய்துவிட்டு நகர்ந்த ஸீரியஸ் மனிதர்களுக்குப் பங்கு அதிகம்.

நான் கேட்பது சலுகை இல்லை. கைவினைச் சிறப்பிதழ் போடச் சொல்லவில்லை, பொன்னாடையும் கேட்கவில்லை. ஒரு கவிதைத் தொகுப்பை எடுத்துவைத்துக்கொண்டு, இது நல்லது, இது போலி, இது ஏன் போலி என்று எழுதுகிறோமே, அதே கறாரோடு நாலு மண் மிருகங்களை எடுத்துவைத்துக்கொண்டு எழுதவேண்டும். அதற்கு உப்புச் சூளை என்றால் என்ன, மண் ஏன் சுருங்குகிறது என்று கற்றுக்கொள்ளவேண்டியிருக்கும். யாப்பு தெரியாமல் காளமேகத்தைப் பற்றி எழுத வெட்கப்படுகிறோம் அல்லவா, அந்த வெட்கம் இங்கேயும் வேண்டும். எழுதியபிறகு இதெல்லாம் மோசம் என்ற முடிவுக்கு வந்தாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது. காரணம் சொன்னால் போதும். அவர் பதில் சொல்வார், நானும் சொல்வேன்.

ஆட்டின் மூன்று பிரதிகளில் விற்காத இரண்டு இன்னும் அவர் பட்டறை அலமாரியில் இருக்கின்றன. கண்காட்சியை நடத்தியவர்களில் யாராவது போய்ப் பார்ப்பதென்றால் முகவரி தர நான் தயார்.